பதினோரு வெள்ளைத் துணி

டோசி என்ற பெயரை ஆயாபா முதன்முதலில் கேட்டது சித்தப்பா மகன் சாக்போவின் சாவு வீட்டில். சோளமாவுக் கட்டி பொதிய இலை துடைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "டோசிக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வைக்கணுமா?" என்று கேட்டாள். இலை துடைத்த கைகளெல்லாம் நின்றுவிட்டன. வாயைத் திறந்தது ஆயாபாவின் அண்ணி சிக்காதான்.

"எந்த டோசி? பெரியவரோட பிள்ளைங்கள டப்பாவுல அடைச்சு ஏரோப்பிளேன்ல ஏத்துறாளே, அவளா? அவளுக்குக் கிண்ணம் வேற வைக்கணுமாக்கும்."

பெரியவர் என்றால் மலைப்பாம்பு. அந்தக் குடும்பத்தில் யாரும் பாம்பு என்று சொல்வதில்லை. குடும்பம் அவர் வழி வந்தது, அவ்வளவுதான்.

செத்துக் கிடந்த சாக்போ டோசிக்குப் பெற்ற தகப்பன். மூன்றாவது மனைவிக்கு இரட்டையர் பிறந்து தங்காமல் போய், அதற்கடுத்துப் பிறந்தவள் இவள். இரட்டையருக்குப் பின் வரும் பெண்ணுக்கு வேறு பெயர் தேட வேண்டியதில்லை, டோசிதான். தாய்க்காரி கோபித்துக்கொண்டு கைக்குழந்தையோடு காயலுக்கு அக்கரையில் இருந்த தன் ஊருக்குப் போய்விட்டதால், தகப்பன் ஊரான தொகுவேயில் இருந்தவர்களுக்கு அந்தப் பிள்ளை கண்ணில் படாமலே வளர்ந்தது. ஆயாபாவுக்கு அப்படி ஒரு மருமகள் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

மூன்றாம் நாள் அவள் வந்தாள். வாசலுக்கு வெளியே நின்றாள். குடும்பத் தலைவர் அகோசு, ஆயாபாவின் அண்ணன், சிக்காவின் புருஷன், எழுந்து போய் எல்லாரும் கேட்கச் சொன்னார். பெரியவரின் பிள்ளைகளைக் கடல் தாண்டி அனுப்பிய கை இந்த வீட்டில் எதன் மேலும் படக் கூடாது. பட்டால், பட்ட பொருள் வெளியே போக வேண்டும். டோசி தலையாட்டிவிட்டு, நின்ற இடத்திலேயே அப்பனுக்கு அழுதாள். பிறகு படகேறிப் போனாள். அவளுக்குக் கிண்ணம் வைக்கவில்லை.

அவள் அந்த வேலைக்குப் போனதும் ஆசைப்பட்டு அல்ல. புருஷன் லோமே பட்டணத்தில் இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். கையில் இரண்டு பெண் பிள்ளைகள். கோமே சாலையில் ஒரு பண்ணை, பெரியவர் இனத்தின் குட்டிகளைப் பொரிக்க வைத்து வெளிநாட்டுக்கு விற்பது. முட்டை அறைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். பத்தொன்பது வருஷம் அந்த அறையில் இருந்தாள்.

வெயில் காலத்தில் ஆட்கள் கறையான் புற்றையும் எலி வளையையும் தோண்டிச் சினையானவற்றைக் கொண்டுவருவார்கள். இட்ட முட்டைகளை ஈரத் தேங்காய் நாரில் பதித்து இரண்டு மாதம் காக்க வேண்டும். பொரிந்த குட்டிகளுக்கு ஆளுக்கொரு பெட்டி, மூடியில் காய்ச்சிய ஆணியால் போட்ட ஆறு துளை. துளை குறைந்தால் உள்ளே பூசணம் பிடிக்கும், கூடினால் தோல் வறண்டு துண்டு துண்டாய் உரியும். அப்படி நானூறு பெட்டி. சூட்டையும் ஈரத்தையும் காட்ட முதலாளி வாங்கி மாட்டிய முள் கருவிகள் எல்லாம் அந்தப் புழுக்கத்தில் துருப்பிடித்து நின்றுபோயின. டோசியின் மணிக்கட்டு நிற்கவில்லை. பெட்டிக்குள் மணிக்கட்டின் உட்புறத்தை வைத்தாலே இவ்வளவு சூடு, இவ்வளவு ஈரம் என்று சொல்லிவிடுவாள். முதல் வருஷம் ஹர்மத்தான் என்கிற வறண்ட பாலைக் காற்று அடித்தபோது, குட்டிகள் வறண்டுவிடுமே என்று ஈரச் சாக்கைப் பெட்டிகள் மேல் போர்த்தி வைத்தாள். மூச்சு முட்டி முப்பத்தேழு குட்டிகள் போயின. அவளுக்கு அங்கே பாடம் எடுக்க யாருமில்லை. அந்த முப்பத்தேழுதான் பாடம்.

வருஷம் போகப் போக அறையின் புழுக்கம் அவள் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. இருமல் நிற்கவில்லை. பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்ததும் வேலையை விட்டாள். அம்மாவும் போய்விட்டாள். தகப்பன் வீட்டில் ஒரு மூலை கிடைத்தால் போதும் என்று அகோசுவுக்குச் சொல்லி அனுப்பினாள். குடும்பம் கூடிப் பேசி ஒரு பதில் சொன்னது: மூன்று வருஷம் எந்தப் பெரியவர் பக்கமும் போகாமல் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வரும் கிழங்குப் பண்டிகையில் தலைக்கு ஊற்றி உள்ளே எடுப்போம். டோசி அக்கரையில் படகுத்துறையில் பயறு வடை சுட்டுக்கொண்டு நாளைத் தள்ளினாள்.

இந்தப் பக்கம் தொகுவேயில், குடும்பம் வீட்டில் வைத்து வணங்கும் பெரியவருக்குப் புது அறை கட்டினார்கள். பழைய அறை மண் சுவர், மேலே புல். ஒரு மழையில் பாதி கரைந்து விழுந்தது. ஆயாபா அதற்கு வருத்தப்படவில்லை. பதினாலு வருஷமாக அவருக்குத் தண்ணீர் வைத்து, எலி கொடுத்து, அறை கூட்டுகிறவள் அவள்தான்; அந்தத் தரையில் குனிந்து குனிந்து அவள் இடுப்பு போயிருந்தது. கொத்தோனு பட்டணத்தில் வியாபாரம் செய்யும் தம்பி மகன் தியோஃபில் சிமெண்டும் வெள்ளை ஓடும் லாரியில் ஏற்றி வந்தான். தரையிலிருந்து கூரை வரை வழவழவென்று ஓடு. மேலே தகரம். எலி நுழையாதபடி இறுக்கமான கண்ணாடி ஜன்னல். சூட்டுக்கு ஒரு சிவப்பு பல்பு. திறப்பு விழாவுக்குக் குடும்பத்தின் பதினோரு கிளையும் ஆளுக்கொரு வெள்ளைத் துணி கொண்டுவந்து உள்சுவரில் தொங்கவிட்டன. பெரியவருக்குக் கொடுத்த துணியைக் கொடுத்தவனே எடுக்க முடியாது. அதுவாக இற்று விழ வேண்டும்.

மழை பிடித்தது. நாள்தோறும் காலையில் மாவு கரைத்த தண்ணீர் தெளிப்பது முறை, ஆயாபா தெளித்தாள். பழைய மண் தரை அதைக் குடித்துவிடும். ஓட்டுத் தரை குடிக்கவில்லை. துணிகள் குடித்தன.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் பெரியவர் தலையைத் தூக்கினார். எப்போதும் பந்து மாதிரி சுருண்டு கிடப்பவர், முன் உடம்பை நிமிர்த்தி, வாயைக் கொஞ்சம் திறந்து, கூரையைப் பார்த்தபடி அப்படியே நின்றார். வாயோரம் நுரை. சிக்காதான் முதலில் பார்த்தாள். மாலைக்குள் ஊரே வந்துவிட்டது. பெரியவர் வானத்தைப் பார்த்துப் பேசுகிறார், பூசையில் தலைவர் சாராயத்தை வாயில் கொண்டு தூவுகிற மாதிரி அவரும் நம்மேல் ஆசி தூவுகிறார் என்றார்கள். மறுநாள் பக்கத்து ஊரிலிருந்து வந்தார்கள். பிறகு அதற்கும் அப்பாலிருந்து. சிக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களின் சோளமாவையும் கள்ளுச் சாராயத்தையும் வாங்கி வைத்தாள்.

கூட்டம் போன பிறகு அறையைத் துடைப்பவள் ஆயாபா. அவளுக்குத்தான் சத்தம் கேட்டது. ஈர விறகு எரிகிற மாதிரி, மெல்ல ஒரு கிளிக், கிளிக். ஒவ்வொரு மூச்சுக்கும்.

"அண்ணி, அவருக்கு மூச்சுல ஏதோ சத்தம் வருது."

"பேசறாருன்னு சொன்னேன்ல."

"இது பேச்சு மாதிரி இல்ல."

"உனக்குக் காதும் போச்சா? இடுப்புதான் போச்சுன்னு நெனச்சேன்."

ஆயாபா இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் படகேறினாள். பெரியவரைப் பற்றி அவரை வணங்குகிறவர்களிடம் கேட்டால் ஆசி என்பார்கள். உடம்பைப் பற்றித் தெரிந்தவள் அவளறிய ஒருத்திதான்.

டோசி துறையில் எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஆளே பாதியாகியிருந்தாள். ஆயாபாவைப் பார்த்ததும் ஒரு பலகையை நகர்த்திப் போட்டாள்.

"அத்தையா. உக்காருங்க. வடை தரட்டுமா, இல்ல என் கை பட்டதச் சாப்பிடக் கூடாதா?"

"பசிக்குது. குடு."

ஆயாபா இரண்டு வடை தின்றாள். பிறகு சொன்னாள். டோசி எண்ணெயைப் பார்த்தபடியே கேட்டாள்.

"வாய் திறந்திருக்கா?"

"ஆமா."

"தல மேல தூக்கியா?"

"ஆமா. ஆசி சொல்றாருன்னு ஊரெல்லாம் வருது."

"அது மூச்சு விட முடியாம தூக்குது, அத்தை. நமக்குச் சளி கட்டினா தலகாணிய ரெண்டா வெச்சுக்கறோம்ல, அப்படி."

"அதுன்னு சொல்லாத. அவர்னு சொல்லு."

"சரி, அவர். அவருக்குச் சளி." டோசி ஒரு வடையைத் திருப்பிப் போட்டாள். "காலையில ஜன்னல் கண்ணாடியில தண்ணி முத்து முத்தா நிக்குதா?"

"நிக்குது."

"எப்ப காயுது?"

ஆயாபா யோசித்தாள். அந்தக் கண்ணாடி காய்ந்து அவள் பார்த்த நினைவே இல்லை.

"காலையில நின்னா தப்பில்ல. உச்சி வெயிலுக்குள்ள காஞ்சிடணும். காயலன்னா உள்ள இருக்கற காத்து வெளிய போகலன்னு அர்த்தம். நேத்து விட்ட மூச்சையே இன்னைக்கும் இழுக்கறாரு. பகல்ல தகரம் கொதிக்கும், கரண்ட் போனா ஓடு சில்லுனு ஆயிடும். ஈரம், புழுக்கம், குளுரு, மூணும் ஒண்ணா. துணி எத்தன?"

"பதினொண்ணு."

டோசி வாய்க்குள்ளேயே சிரித்தாள், அது இருமலாக முடிந்தது. "என் சாக்கு மாதிரி. அதுங்கள எடுங்க. ஜன்னலத் திறங்க. வேற மருந்து எனக்குத் தெரியாது."

"எத்தன நாள் தாங்குவாரு?"

"அவரு பெரிய உடம்பு. ரெண்டு வாரம். துணி அப்படியே இருந்தா அதுக்கு மேல இல்ல." அடுத்த வடையைச் சட்டியில் போட்டபடி, "நான் வந்து பாக்க முடியாது, அத்தை. எனக்கு மூணு வருஷம் முடிய இன்னும் அஞ்சு வாரம்தான் இருக்கு. கேட்டீங்க, சொன்னேன்" என்றாள்.

"உன்ன வான்னு நான் கூப்பிடல."

"கூப்பிடல. தெரியும்."

வீட்டுக்கு வந்து ஆயாபா அகோசுவிடம் துணியை எடுக்கச் சொல்லிக் கேட்டாள். யார் சொன்னார்கள் என்று சொல்லவில்லை. அகோசு மூக்குப்பொடியை இழுத்தார்.

"எந்தத் துணிய முதல்ல எடுக்கறது? மூத்த கிளையோடதையா? என் துணிய எடுத்துட்டு அவன் துணிய விட்டியான்னு பத்துப் பேர் வருவான். எல்லாத்தையும் எடுத்தா பதினோரு பேரும் வருவான்."

"அவரு செத்தா?"

"அவரு ஆசி சொல்றாருன்னு நாலு ஊர் நம்பிக்கிட்டிருக்கு. நீ சாவுன்ற."

தியோஃபிலுக்குப் போன் போட்டுப் பார்த்தாள்.

"அத்தை, அந்த ஜன்னல் துபாயிலேர்ந்து வந்தது. ஒரு தூசி உள்ள போகாது."

"தூசி மட்டும் இல்லப்பா, எதுவுமே போகல."

"அதுக்குத்தான் அவ்வளவு வெல" என்றான் அவன், சந்தோஷமாக.

சிக்கா காதில் எல்லாம் விழுந்திருந்தது. "பதினாலு வருஷமா சுருண்டு கெடந்தவரு இப்பதான் நிமிந்து நம்ம மொகத்தப் பாக்கறாரு. இவளுக்குப் பொறுக்கல. கூட்டம் வந்தா கூட்டணுமே, அதான்."

ஆயாபாவுக்குச் சண்டை போடவும் தெம்பில்லை. தண்ணீர் தெளிப்பதை மட்டும் யாருக்கும் சொல்லாமல் நிறுத்தினாள். அப்படியும் துணி காயவில்லை. நுரை கூடியது. படகுக்காரி வந்தபோது, "அக்கரையில வடை சுடறவகிட்ட, ஒண்ணும் நகரல, சத்தம் இப்ப வாசல் வரைக்கும் கேக்குதுன்னு சொல்லிடு" என்றாள். ஏன் சொல்லி அனுப்பினோம் என்று பிறகு பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். கூப்பிடவில்லை என்று அவள் இன்றைக்கும் சொல்லலாம். சொன்னால் பொய்யும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை, உச்சிப் பொழுது. வாசலில் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். மழை விட்டிருந்தது. டோசி வந்து வரிசையின் கடைசியில் நின்றாள். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தன் முறை வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். மூலையில் துடைப்பத்தோடு நின்ற ஆயாபாவைப் பார்த்தாள். பெரியவர் பக்கம் அவள் போகவே இல்லை. முதல் துணியிடம் போனாள். துவைத்துப் போட்டது காய்ந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்தாள். விட்டாள். அடுத்தது. அதற்கடுத்தது. பதினொன்றையும் அப்படிப் பிடித்துவிட்டு, ஜன்னல் கண்ணாடியில் கையை முழுக்கப் பதித்தாள். ஐந்து விரலும் ஈரத்தில் தெரிந்தன. வெளியே வரும்போது கதவையும் தொட்டாள். பிறகு முற்றத்து நடுவில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் சாக்போ மக டோசி" என்றாள்.

சிக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள். அவள் குரல் அகோசு படுத்திருந்த அறை வரைக்கும் போனது. "வந்து பாருங்க. உள்ள இருக்கற ஒரு துணி விடாம தொட்டுட்டா. நீங்கதானே சொன்னீங்க, இவ கை பட்டது வெளிய போகணும்னு. இப்பவே போகணும். ஒண்ணுகூட உள்ள நிக்கக் கூடாது."

அகோசு வந்தார். டோசியைப் பார்த்தார், திறந்திருந்த கதவைப் பார்த்தார், ஆயாபாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏன் தொட்ட?"

"ஈரமா இருந்துச்சு, பெரியப்பா. பாத்தேன்."

"இன்னும் நாலு வாரம் இருந்தது உனக்கு."

"ஆமா."

அகோசு மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து, எடுக்காமலே மூடினார்.

"பட்டதெல்லாம் வெளிய போகட்டும். துணி, ஜன்னல், கதவு. பண்டிகையில அறையச் சுத்தம் பண்ணினப்புறம் மாட்டறத மாட்டலாம்." பிறகு டோசியிடம், "உனக்கு மூணு வருஷம். மொதல்லேர்ந்து" என்றார்.

"சரி, பெரியப்பா."

துணிகளைக் கம்பால் எடுத்துப் போட்டார்கள். தரையில் விழுந்தபோது சொத்தென்று சத்தம் கேட்டது. ஒவ்வொன்றின் பின்பக்கமும் கறுத்திருந்தது. ஜன்னலைப் பெயர்த்ததும் காயல் பக்கத்துக் காற்று உள்ளே நுழைந்து கதவு வழியாக வந்தது. ஆயாபாவின் முந்தானை ஆடியது. அந்த அறைக்குள் அவள் முந்தானை ஆடியது அதுதான் முதல் தடவை.

துறை வரைக்கும் அவளே டோசியோடு நடந்தாள். வழியில் டோசி இரண்டு தடவை இருமலுக்காக நின்றாள்.

"நான் உன்ன..."

"நீங்க கூப்பிடல அத்தை, விடுங்க. தண்ணிய வாசப்படிக்கு வெளிய ஊத்துங்க, உள்ள வேணாம். குடிக்கற சட்டி மட்டும் இருக்கட்டும். ஒரு மூலையில சுடுமணல் சட்டிய, காஞ்ச துணி சுத்தி வைங்க. மணிக்கட்ட வெச்சுப் பாருங்க, குளிக்கற தண்ணிச் சூடு இருந்தா போதும். எதிர் மூலையில ஒரு பானையக் கவுத்து, நுழைய ஓட்ட போட்டு வைங்க, அங்க குளுந்து இருக்கட்டும். எது வேணும்னு அவரே நகந்து பாத்துக்குவாரு. நாம பாக்க வேண்டியதில்ல."

படகில் ஏறி உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். "அசதியா இருக்கு" என்றாள், யாரிடமோ சொல்வது போல.

ஆயாபா மணல் வறுத்தாள், சட்டி மாற்றினாள். காலையும் மாலையும் மணிக்கட்டை வைத்துப் பார்த்தாள். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வாரம் நுரை குறைந்தது. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் பெரியவர் பானைக்குள் பந்தாகச் சுருண்டு கிடந்தார், தலை உள்ளே. காதை வைத்துக் கேட்டாள். சத்தமில்லை. அன்றைக்கு வந்த பக்கத்து ஊர்க்காரர்கள் பானையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதோடு கூட்டம் நின்றது. சிக்கா நாற்காலியை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டு, தீட்டுப் பட்டதும் பெரியவர் வாயை மூடிக்கொண்டார் என்று இரண்டு மாதம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பண்டிகைக்கு முந்திய வாரம் அவர் சட்டை உரித்தார். மூக்கிலிருந்து வால் வரை கிழியாமல் ஒரே துண்டாக. அதை அக்கரைக்கு அனுப்ப ஆயாபாவுக்கு ஆசைதான். அனுப்பினால் டோசியின் நாள் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். வாய்வார்த்தையாகப் படகுக்காரியிடம் சொல்லி அனுப்பினாள். "கண்ணு மேல இருக்கற தோலும் சேந்து வந்துச்சான்னு கேக்கறா" என்று படகுக்காரி திரும்பி வந்தாள். "சேந்துதான் வந்துச்சுன்னு சொல்லு" என்றாள் ஆயாபா.

கிழங்குப் பண்டிகையில் அறையைச் சுத்தம் செய்தார்கள். கதவுக்குப் பதில் மூங்கில் தட்டி போட்டார்கள். ஜன்னல், இறக்கும்போது உடைந்துவிட்டதாகத் தியோஃபிலிடம் சொன்னார்கள். அது அகோசுவின் கட்டிலுக்கு அடியில் முழுசாக இருக்கிறது. பதினோரு கிளையில் ஒருவர்கூடத் துணியைப் பற்றிக் கேட்கவில்லை. தீட்டுப் பட்டதை யார் கேட்பார்கள்.

அன்று சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது ஆயாபா அண்ணனிடம் மெல்லத் தொடங்கினாள். "அண்ணே, அவ ஏன் தொட்டான்னா..."

"தெரியும். எனக்கும் அந்த மூச்சு கேட்டுச்சு."

"அப்ப அந்த மூணு வருஷம்?"

அகோசு கிழங்குத் தோலைக் கோழிக்குப் போட்டார். "நல்லதுக்குத் தொட்டான்னு என் வாயால சொன்னா, அது தீட்டு இல்லன்னு ஆகுது. தீட்டு இல்லன்னா துணியெல்லாம் மறுபடி சுவத்துக்கு வரும். நீ சொல்லு, என்ன பண்ணட்டும்?"

ஆயாபா எழுந்து போய் மணல் சட்டி சூடாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

இது போன வருஷ மழையில் நடந்தது. பெரியவர் நன்றாக இருக்கிறார். டோசி அக்கரையில் அம்மா ஊரில், படகுத்துறையில் பயறு வடை சுட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு ஒரு வருஷமும் நாலு மாதமும் முடிந்திருக்கிறது.